கிரீடம் வைத்த நாரை

முன்னொரு காலத்திலே, கேளுங்கள், நடுக்கடலில் நுரைத்தீவு என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்ட கடம்பராயர் நல்ல ராஜாதான். ஒரே ஒரு குறை, சாப்பிடக் கூப்பிட்டால் 'இதோ வரேன்' என்பார், வரமாட்டார். மகள் கயற்கண்ணி தினமும் மூன்று தரம் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அதற்குள் சோறு ஆறிப்போய்விடும்.

ராஜாவுக்கு வயதானது. அடுத்து யாருக்குப் பட்டம் என்று பிள்ளைகள் மூன்று பேரும் கடற்கரையில் சண்டை போட்டார்கள்.

"மூத்தவன் நான்!" என்றான் வீரகேது.

"கெட்டிக்காரன் நான்!" என்றான் மணிகேது.

"நான் மட்டும் என்ன கிள்ளுக்கீரையா?" என்றாள் கயற்கண்ணி.

ராஜாவுக்கு வந்ததே கோபம்! "நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. நான் போறேன்!" என்று கிரீடத்தோடு படகில் ஏறிவிட்டார்.

ஐயையோ! நுரைத்தீவில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். 'போயிட்டு வரேன்' என்பார்கள். கடலுக்கடியில் கருநுரையான் என்ற மந்திரவாதி காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். வெறும் 'போறேன்' காதில் விழுந்தால் போதும், ஆள் அவனுக்குச் சொந்தம்.

ஓர் அலை எழுந்தது. படகும் இல்லை, ராஜாவும் இல்லை. பாறை மேல் ஒரு நாரை நின்றது. தலையில் ராஜாவின் கிரீடம்! "போறேன், போறேன்" என்று கத்தியது.

மந்திரவாதி தண்ணீருக்கு மேல் தலை நீட்டினான். "அந்த வாயாலே 'வரேன்'னு வரட்டும், விட்டுடறேன். மூணு நாள்தான். இல்லேன்னா அரியணை எனக்கு!"

முதல் நாள் வீரகேது முரசு கொட்டினான். "வரேன்னு சொல்லுங்க, கிரீடத்தைக் குடுங்க!"

"போறேன், போறேன்."

இரண்டாம் நாள் மணிகேது முத்துமாலையை ஆட்டிக் காட்டினான். "வரேன்னு சொல்லுங்க, முத்து உங்களுக்கு, கிரீடம் எனக்கு!"

"போறேன், போறேன்."

மூன்றாம் நாள் கயற்கண்ணிக்குப் பட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அப்பா பட்டினியாக நிற்கிறாரே என்று அழுகை பொங்கியது. சமையற்காரரிடம் சொல்லிச் சுறாப்புட்டைக் கரைக்கே வரவழைத்தாள். இலை போட்டாள்.

"அப்பா, சாப்பிட வாங்க!"

"போறேன், போறேன்."

"அப்பா, புட்டு ஆறுது, வாங்க!"

நாரை கால் மாற்றி நின்றது. "போறேன்..."

சூரியன் கடலைத் தொட்டது.

"அப்பா! இப்ப வரீங்களா, இல்லையா?"

பழக்கதோஷம்! "அட, இதோ வரேம்மா!" என்றது நாரை.

அவ்வளவுதான். இறகு உதிர்ந்தது. ராஜா பாறையடியில் முழங்கால் தண்ணீரில் நின்றார். மந்திரவாதி நுரையாகக் கரைந்தான். அப்பாடா என்று ஊரே மூச்சு விட்டது. கயற்கண்ணி ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ராஜா கிரீடத்தைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். "அவங்க கிரீடத்தைக் கூப்பிட்டாங்க. நீ என்னைக் கூப்பிட்டே. இனிமே இது உன் பாடு, நான் சூடா சாப்பிடணும்."

அண்ணன்மார் தலை குனிந்தார்கள். ஆனாலும் முதலில் கை தட்டியது அவர்கள்தான்.

மறுநாள் கடம்பராயர் மீன் பிடிக்கக் கிளம்பினார். கரையில் நின்று, கடலுக்கே கேட்கும்படி, "போயிட்டு வரேன்!" என்றார். சொன்னபடி மத்தியானம் திரும்பி வந்தார், மீனை வறுத்தார், இலை போட்டார்.

"கயலு, சாப்பிட வாம்மா!"

"இதோ வரேம்பா!" என்று சபையிலிருந்து குரல் கொடுத்தாள் புது ராணி.

மூன்று தரம் கூப்பிட வேண்டியிருந்தது.