தூவி உட்கார மறுத்த முட்டை

எல்லா உயிர்களுக்கும் ஒரே பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், முதுவேனில் முடிய ஒன்பது நாள் எஞ்சியிருந்தபோது, ஒரு நண்பகலில் இது தொடங்கியது. உச்சிக்கு வந்த சூரியன் அங்கேயே மங்கினான். வடக்கே, பல நாள் நடைத் தொலைவில், பூமி பிளந்து நெருப்பைக் கக்கிக்கொண்டிருந்தது. அதன் சாம்பல் அன்றுதான் தெற்கே ஆற்றுச் சமவெளியை எட்டியது.

அந்தச் சமவெளியில், மரங்களுக்கு மேல் தலை நீட்டும் பேருயிர்களான நெடுங்கழுத்தர் குலம் வாழ்ந்தது. அவர்களில் ஒருத்தி நின்றால் ஒரு தோப்பு நின்றது போலிருக்கும். அவர்கள் காலடியில், பெரணிச் செடிகளுக்கிடையே, இறகு முளைத்த சிறு குலம் ஒன்றும் வாழ்ந்தது. அவர்கள் பறக்க இன்னும் சரியாகக் கற்றிருக்கவில்லை. கிளை விட்டுக் கிளை தாவி, பாதி நேரம் தவறி விழுவார்கள். பூப்பதுகூட அன்று புதிய பழக்கம்தான். ஆற்றோரத்தில் ஒன்றிரண்டு செடிகள் கூச்சத்தோடு பூத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

நெடுங்கழுத்தரிடம் முட்டையைப் பற்றி ஒரு நெறி இருந்தது. தாய் மணலில் குழி பறித்து முட்டையிடுவாள். அதன்மேல் பச்சைப் பெரணித் தழையைத் தன் முழங்கால் உயரத்துக்குக் குவிப்பாள். தழை அழுகும், அழுகும்போது சூடேறும். ஈர வைக்கோற்போருக்குள் கையை விட்டுப் பார்த்தவர்கள் அந்தச் சூட்டை அறிவார்கள். அந்தச் சூட்டில் குஞ்சு பொரியும். ஒருமுறை மூடிய குவியலைத் தாய் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு போய்விடும். ஆயிரம் தலைமுறை கண்டறிந்த நெறி அது. அதை மடமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. சூரியன் இருந்த வரையில் அது சரியாகவே இருந்தது.

அவ்வாண்டு அந்தக் குலத்தில் முட்டையிட்டவள் நெடியாள் ஒருத்திதான். வயதானவள். அவள் குவியலுக்குள் ஆறு முட்டைகள் இருந்தன. இனி அவளுக்கு முட்டை இல்லை என்பதை அவளும் அறிவாள், குலமும் அறியும்.

குவியலுக்கு அருகிலேயே தூவி என்ற இறகுக்காரி தன் மூன்று முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் துணைவன் இரை தேடிப் போய்ச் சாம்பலுக்குள் மறைந்தவன், திரும்பவில்லை.

“ஏனடி தூவி, இன்றும் சிம்மாசனத்தை விட்டு இறங்கவில்லையா?” என்றாள் நெடியாள்.

“இறங்கினால் முட்டை குளிர்ந்துவிடும், அக்கா.”

“நாங்களும்தான் பிள்ளை பெறுகிறோம். இப்படி வயிற்றுக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, களவு செய்தவளைப் போலவா முழிக்கிறோம்?”

கூட்டம் சிரித்தது. அவர்கள் சிரித்தால் மரங்களிலிருந்து காய் உதிரும். தூவி சிரிக்கவில்லை. முந்தைய ஆண்டு இதே கால்களில் ஒன்று அவள் கூட்டை மிதித்துத் தேய்த்திருந்தது. மிதித்தவளுக்கு மிதித்ததே தெரியாது.

ஆயினும் சாம்பல் வந்த பன்னிரண்டாம் நாள் தூவியே வாய் திறந்தாள். “அக்கா, நான் தினமும் ஒரு நொடி இறங்கி, உங்கள் குவியலின்மேல் ஏறித்தான் பூச்சி பிடிக்கிறேன். முன்பெல்லாம் கால் சுடும். நான்கு நாளாகச் சுடவில்லை.”

“உன் கால் ஈர்க்குச்சி. அதற்கு என்ன தெரியும்?”

“திறந்துதான் பாருங்களேன்.”

“மூடியவள் திறப்பதா? அப்படி ஒருத்தி எங்கள் குலத்தில் பிறக்கவில்லை. உன் மூன்றைப் பார்த்துக்கொள், போ.”

கூட்டம் பச்சையைத் தேடித் தெற்கே புறப்பட்டது. நெடியாள் போகவில்லை. போனவர்கள் எவரும் திரும்பவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

இருபதாம் நாள் காலையில், காலையென்று சொல்லத்தக்க வெளிச்சம் எதுவும் இல்லாத காலையில், நெடியாள் நெறியை மீறிக் குவியலைத் திறந்தாள். தழை மேற்கொண்டு அழுகியிருக்கவில்லை, கருகி உலர்ந்து கிடந்தது. ஐந்து முட்டைகள் ஆற்றுக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தன. ஆறாவதன் மேல் உதட்டை வைத்தாள். உள்ளிருந்து ஒரு தட்டல் கேட்டது. டொக். பிறகு, டொக்.

புதுத் தழைக்காக அவள் பெரணியிடம் ஓடினாள். “ஒரு கை தழை கொடு. என் பிள்ளை உயிரோடு இருக்கிறது.”

“தாயே, என்னிடம் இருப்பது கிழங்கு ஒன்றுதான்,” என்றது பெரணி. “அதையும் எடுத்துக்கொண்டு மண்ணுக்குள் போகிறேன். வெயில் வந்தால் வருவேன்.”

நெடியாள் தூவியிடம் வந்தாள். நிமிர்ந்தே பழகிய அந்தக் கழுத்து தரையைத் தொட்டது.

“தூவி, அம்மா, நான் உட்கார்ந்தால் முட்டை நொறுங்கிவிடும். இது ஒன்றை மட்டும் உன் வயிற்றுக்கடியில் வைத்துக்கொள்.”

“உங்கள் குலத்துப் பெண்கள் உட்கார மாட்டார்களே, அக்கா. முட்டைக்கு மட்டும் என் வயிறு கேட்கிறதா?”

“பேசியது நான். அது ஒரு பாவமும் செய்யவில்லை.”

“என் மூன்று பொரியட்டும். பிறகு பார்க்கலாம்.”

“எத்தனை நாள்?”

“மூன்று நாள்.”

“இது மூன்று நாள் தாங்காதே, தாயே.”

“தாங்கினால் கொண்டு வாருங்கள்,” என்று தூவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தூவியைக் கொடியவள் என்று தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். அவள் பட்டினி கிடந்தாள், விதவை, மிதிபட்ட கூட்டை மறக்காதவள். ஆனாலும் நடந்ததைச் சரியாகச் சொல்லியாக வேண்டும். நான்காவது முட்டைக்கு இடம் இருந்ததா? இருந்தது. இறக்கையைச் சற்று அகல விரித்திருந்தால் போதும்.

நெடியாள் முட்டையைத் தன் மார்புக்கருகே உருட்டிக்கொண்டு, காற்று வரும் வடதிசையை மறித்துப் படுத்தாள். கழுத்தை வளைத்து வேலியாக்கி, முட்டையின்மேல் மூச்சு விட்டுக்கொண்டேயிருந்தாள்.

முதல் நாள் தட்டல் தூவியின் காதிலும் விழுந்தது. இரண்டாம் நாள் ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே வெகுநேரம் ஆயிற்று. தூவி தலையை இறகுக்குள் புதைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் அவளுடைய மூன்று முட்டைகளும் பொரிந்தன.

குஞ்சுகள் வெளிவந்த பிறகு, அந்த மூன்று நாளில் முதன்முறையாக அவள் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தாள். வெளியெங்கும் சாம்பல் மேடிட்டிருந்தது. தன் கூட்டைச் சுற்றி மட்டும் அது இல்லை. நெடியாளின் கழுத்து அந்த ஒரு முட்டையை மட்டும் வளைத்திருக்கவில்லை; தூவியின் கூட்டையும் சேர்த்தே வளைத்திருந்தது. மூன்று நாளும் அவள்மேல் ஏன் காற்று படவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

“அக்கா,” என்றாள். “என்னுடையவை பொரிந்துவிட்டன. கொண்டு வாருங்கள்.”

அக்கா மூச்சு விடவில்லை.

தூவி ஓடிப்போய் முட்டையில் காதை வைத்தாள். தட்டல் இல்லை. இறக்கையை முழுவதும் விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். குஞ்சுகள் பசியில் கத்தின. “இது பொரியட்டும், வருகிறேன்,” என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். இரண்டு குஞ்சுகள் பசியால் மடிந்தன. மூன்றாவது, தாய் எழுந்து வருவாளென்று பார்த்துப் பார்த்து, பின்னர் தானே கரையான் பொறுக்கித் தின்று வளர்ந்தது. உட்கார்ந்தபடியே தூவியும் இறந்தாள். அவளுக்குக் கீழே முட்டை கல்லாகியிருந்தது.

உயிர் பிழைத்த அந்தக் குஞ்சு முட்டையைப் பற்றிக் கற்றதெல்லாம் தாய் இப்படி உட்கார்ந்தே இருந்ததுதான். நாம் இன்று காணும் பறவைகள் எல்லாம் அதன் வழிவந்தவை.

அன்று முதல்தான், அடையில் உட்கார்ந்த பறவை தனக்குக் கீழே இருப்பது யாருடைய முட்டை என்று கேட்பதில்லை. கோழிக்கு வாத்து முட்டையை வைத்தாலும், உருண்டைக் கல்லை வைத்தாலும், இரையை மறந்து, மார்பிறகு உதிர உட்கார்ந்திருக்கிறது. காகமோ ஒவ்வொரு வேனிலிலும் குயிலின் முட்டையைத் தன் முட்டையோடு சேர்த்துப் பொரித்து, வாய்க்கு வாய் ஊட்டி வளர்த்து, அது திரும்பிப் பாராமல் பறந்து போவதைப் பார்த்து நிற்கிறது. தூவி சொன்ன ‘பிறகு பார்க்கலாம்’ என்ற ஒரு சொல்லுக்கு அவள் வழிவந்தோர் இப்படி ஆண்டுதோறும் விலை கொடுத்து வருகிறார்கள். அதை வாத்து பெறுகிறது, குயில் பெறுகிறது, கல்லும் பெறுகிறது. பெற வேண்டிய நெடுங்கழுத்தர் குலத்தில் கை நீட்ட ஒருவரும் இல்லை.