குளத்துக்குள் நின்ற கோபுரம்

முன்னொரு காலத்திலே, மழை தவறாத ஒரு நாட்டிலே, மருதி என்று ஒரு பெண் இருந்தாள். புதிதாகக் கல்யாணமானவள். புருஷன் கொற்றனோடு, இடிந்து கிடந்த மணிமாடபுரிக் கோயிலைப் பார்க்கப் போனாள்.

வாசலில் ஒரு பெரியவர் வெற்றிலை மென்றபடி நின்றார். "வாருங்கள், சுற்றிக் காட்டுகிறேன்" என்று தேனாகப் பேசினார். தலையில்லாத நந்தி, கூரையில்லாத மண்டபம், பாதியில் முறிந்த கோபுரம் எல்லாம் காட்டினார். கடைசியில் குளத்துப் படிக்கு அழைத்து வந்து, "நன்றாகக் குனிந்து பாருங்கள்" என்றார்.

குனிந்தார்கள். மருதி நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்து பார்த்தாள்.

நிமிர்ந்தால் முறிந்த கோபுரம். குனிந்தால், தண்ணீருக்குள் ஏழு நிலையும் முழுசாக நிற்கிற கோபுரம்! தெருவெல்லாம் ஜனம். நடுவே பெரிய தேர்.

"இதென்ன அதிசயம்!" என்று கொற்றன் தண்ணீரைத் தொட்டான்.

அவ்வளவுதான். ஆளைக் காணோம். ஒரு துளி தெறிக்கவில்லை, ஓர் அலை எழவில்லை.

"என்னங்க!" என்றாள். பதில் இல்லை. "என்னங்க!" என்று கத்தினாள். பதில் இல்லை. மூன்றாம் தரம் அலறியபோது, தண்ணீருக்கடியில் தேர்ச்சக்கரத்தின் பக்கத்தில் அவன் நிற்பது தெரிந்தது. வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் மட்டும் வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். பெரியவர் மேல்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீயும் தொடு அம்மணி. அவனிடமே போய்விடலாம்."

மருதி அவரைப் பார்த்துக் கத்தினாள். "அடப்பாவி, நீயா?"

"அவனேதான், மந்திரவாதி!" என்றது ஒரு குரல். கடைசிப் படியில் கிடந்த கல் ஆமை கண்ணை விழித்திருந்தது! "ஊரைத் தனக்குக் கொடு என்றான். மறுத்ததும் ஊரையே குளத்தில் அமிழ்த்திவிட்டான். பார்த்துப் பார்த்து வேகட்டும் என்று என்னை மட்டும் கரையிலே கல்லாக்கினான். வருகிறவர்களிடமெல்லாம் கத்துகிறேன். எல்லாருக்கும் கண் தண்ணீர்மேல். ஆமையை யார் பார்க்கிறார்கள்? நீ நனையாமல் என் முதுகில் ஏறு. இதோ மதகுச் சங்கிலி. இழு!"

ஏறினாள். இழுத்தாள், அசையவில்லை. இழுத்தாள், கரகரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தரம் இழுத்தாள். மதகு திறந்துகொண்டது!

"விடு சங்கிலியை!" என்று பாய்ந்து வந்த மந்திரவாதி பாசியில் வழுக்கினான். தண்ணீர் அவனைச் சுருட்டிக்கொண்டு மதகு வழியே போயே போய்விட்டது.

குளம் வடிய வடிய, கரைமேல் கோபுரம் வளர்ந்தது. ஐந்தாம் நிலை, ஆறாம் நிலை, ஏழாம் நிலை! மண்டபத்துக்குக் கூரை வந்தது. நந்திக்குத் தலை வந்தது. தெருவெல்லாம் ஜனம் நிறைந்தது. "மருதி!" என்று கொற்றன் ஓடிவந்தான். வந்தவன் பாதிப் படியில் அப்படியே திகைத்து நின்றான். ஜனமெல்லாம் வாயைப் பிளந்தது.

என்னவென்று மருதி கீழே பார்த்தாள். ஐயோ! ஆமையைக் காணோம். பட்டும் முத்துமாகக் குனிந்திருந்த ராஜாவின் முதுகில் அல்லவா அவள் நிற்கிறாள்!

"மகாராஜா!" என்று பதறி இறங்கப் பார்த்தாள்.

"இறங்காதே மகளே" என்றார் ராஜா. "இந்த ஊரே உன் கையால் கரையேறியது. உன்னைச் சுமக்க எனக்கென்ன வெட்கம்?"

அப்படியே தோளில் தூக்கிப் போய்த் தேரில் உட்காரவைத்தார். கொற்றனையும் பக்கத்தில் ஏற்றினார். வடத்தில் முதல் கை ராஜாவின் கை. வீதி நாலும் அதிர அதிரத் தேர் ஓடியது. அன்றுமுதல் அந்த ஊர்தான் அவர்களுக்கும் ஊர். அங்கே விளைந்த நல்லதெல்லாம் இந்தக் கதையைக் கேட்டவர்கள் வீட்டிலும் விளையட்டும்!