அறுந்து போகாத லைன்

“எந்த நெட் போட்டா அறுந்து போகாதும்மா?”

சபாபதி இப்படிக் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேடவாக்கத்தில், மூன்றாவது மாடியில், திலகவதி அம்மாவின் வீட்டுக் கூடம் அது. மாலையில் அங்கே வருகிறவர்கள் மனசைப் பற்றிக் கேட்பார்கள், மரணத்தைப் பற்றிக் கேட்பார்கள். இன்டர்நெட்டைப் பற்றி அதுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சபாபதி ஐம்பதைத் தாண்டியவர். இருந்தும் கூடத்தில் முதலில் வந்து உட்காருவதும் கடைசியில் எழுந்து போவதும் அவர்தான்.

அம்மா சிரிக்கவில்லை.

“யார்கிட்டப் பேசறதுக்கு?”

“என் பொண்ணுகிட்டம்மா.”

விவாகரத்துக்குப் பிறகு அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு மெல்போர்ன் போய்விட்டாள். அமுதினிக்கு அப்போது ஏழு வயது. இப்போது பதின்மூன்று. ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் அப்பா வீடியோவில் பேசலாம் என்பது ஏற்பாடு. அந்த அரைமணியை நம்பித்தான் மனுஷன் மிச்ச வாரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அதுவும் கட் ஆகிக் கட் ஆகியே போயிடுதும்மா. ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கத்தியே நேரம் முடிஞ்சிடுது. இப்ப அவ அம்மா மெசேஜ் போட்டிருக்கா. வாராவாரம் பிள்ளைய உக்கார வெச்சு வதைக்காதீங்க, இன்னொரு தடவை கட் ஆச்சுன்னா இனிமே மாசத்துக்கு ஒரு நாள் போதும்னு.”

கூடத்தில் சிரிப்பு நின்றது. நின்ற வேகத்தில் யோசனைகள் கிளம்பின.

“எங்க வீட்ல போட்டிருக்கறதப் போடுங்க. இதுவரைக்கும் ஒரு தொந்தரவு இல்ல.”

“ஐயோ, அதுவா? நாலு தூறல் விழுந்தா போச்சு. எங்க கம்பெனிதான் பெஸ்ட்.”

“போட்டுக் குடுக்கற வரைக்கும் மாப்பிள்ளை மாதிரி தாங்குவான் சார். அப்புறம் போனையே எடுக்க மாட்டான்.”

நல்ல நெட் எது என்று சென்னையில் பத்துப் பேரிடம் கேட்டால் பதினோரு பதில் வரும். சபாபதி எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா கையை உயர்த்தினார்.

“இப்ப உங்க வீட்ல என்ன இருக்கு?”

“ரெண்டு கம்பெனி வாங்கி வெச்சிருக்கேம்மா. ஒண்ணு போனா இன்னொண்ணு காப்பாத்தும்னு.”

“காப்பாத்துச்சா?”

“இல்லம்மா. போனா ரெண்டும் சேந்தே போகுது.”

“வீட்டுக்கு வெளிய போற ஒயரைப் பிடிச்சிக்கிட்டே போங்க. எங்க போய் நிக்குதுன்னு பாத்துட்டு வாங்க.”

மறுநாள் காலை சபாபதி கிளம்பினார். பால்கனியில் இருந்து கறுப்பு ஒயர் ஒன்று, வெள்ளை ஒயர் ஒன்று. இரண்டும் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஒரு சுற்று சுற்றி, அயர்ன் கடைக்கூரை மேல் படுத்து எழுந்து, தெருமுனைக் கரண்டு கம்பத்தில் ஏறின. கம்பத்தில் ஒரே ஒரு பெட்டி. ஏணியில் கேபிள்காரர் பாஸ்கர்.

“இது எந்தக் கம்பெனி பெட்டி, தம்பி?”

“எல்லாத்துக்கும் இதான் சார்.”

“நான் ரெண்டு கனெக்‌ஷன் வாங்கியிருக்கேனே?”

“பேருதான் சார் ரெண்டு. இந்தத் தெருவுக்கு நான்தான் இழுத்துக் குடுக்கறேன். ஒரு லாரி உரசுச்சுன்னா அல்லாம் பூடும்.”

எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். இவ்வளவு நாளும் விளம்பரம் பார்த்து, ஸ்பீடு பார்த்து, ஸ்டார் பார்த்துத் தேர்ந்தெடுத்ததெல்லாம் கடைசியில் இந்தத் துருப்பிடித்த பெட்டிக்குள்தான் வந்து விழுந்திருக்கிறது. சபாபதிக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது.

மாலையில் அம்மாவிடம் போனார்.

“ரெண்டும் ஒரே கம்பம்மா.”

“வேற வழியில வர்றது எதுவும் இல்லையா?”

“ஒண்ணு இருக்காம். மெயின் ரோட்ல இருந்து மண்ணுக்கு அடியிலயே வருது. பக்கத்து பில்டிங்ல போட்டிருக்காங்க.”

“அங்க யாரையாவது கேட்டீங்களா? மழையில எப்படி, கரண்ட் போனா எப்படின்னு?”

“கேட்டேம்மா. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க.”

“அப்ப அதையே போடுங்க.”

சபாபதி காத்திருந்தார். ஒரு குரு இதோடு நிறுத்துவார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“அவ்வளவுதானாம்மா?”

“நீங்க கேட்டது அவ்வளவுதானே?”

அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டார். அம்மா கூப்பிட்டார்.

“சபாபதி. லைன் வந்தப்புறம் பொண்ணுகிட்ட ‘கேக்குதா’ன்னு மட்டும் கேக்காதீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“லைன் நல்லா இருந்தா நான் ஏம்மா அதைக் கேக்கப் போறேன்?”



ஞாயிற்றுக்கிழமை சபாபதி முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு போன் முன்னால் உட்கார்ந்தார். புது லைனோடு வந்த பெட்டியில் விளக்குகள் பச்சையாக எரிந்தன. முதல் அழைப்பிலேயே மகள் வந்தாள்.

படம் கண்ணாடியாக இருந்தது. நெற்றியில் ஒரு பரு. பல்லில் கம்பி.

“பல்லுக்கு எப்ப பாப்பா கம்பி போட்டாங்க?”

“போன வருஷம்பா.”

போன வருஷம். அவர் பார்க்கவே இல்லை.

“வலிக்குதா?”

“இல்ல.”

அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. “கேக்கு…” என்று நாக்கு தானாகக் கிளம்பியது. விழுங்கிக்கொண்டார். இத்தனை வருஷமும் இந்த மாதிரி இடத்தில் எல்லாம் அந்த ஒரு சொல்தான் ஓடிவந்து கைகொடுத்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“ஸ்கூல் எப்படிப் போகுது?”

“ம். நல்லாப் போகுது.”

“கீர்த்தனா பேசறாளா?”

“யாரு?”

“உன் ஃபிரெண்டு. இங்க எல்கேஜியில உன் பக்கத்துல…”

“ஞாபகம் இல்லப்பா.”

“மயில் படம் வரைவியே, இப்பவும் வரையறியா?”

“அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு.”

அரைமணி நேரம் இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. இன்னும் கால்வாசிகூடப் போகவில்லை. பயமாக இருந்தது. நெட் ஒரு தடவை அறுந்து தொலைக்கக் கூடாதா என்றுகூட இருந்தது. அது அறுந்து போகவில்லை.

அமுதினி பக்கவாட்டில் எதையோ பார்த்தாள். பிறகு திரைக்கு அருகே வந்தாள்.

“அப்பா, கேக்கல. கட் ஆகுது.”

சபாபதி பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தார். எல்லா விளக்கும் பச்சை. திரையைப் பார்த்தார். படம் நிற்கவில்லை. கன்னத்தில் விழுந்த முடியை மகள் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

“பசிக்குதா பாப்பா?” தனக்குள் சொல்வது போல் மெல்லத்தான் கேட்டார்.

இல்லை என்று அவள் தலையாட்டினாள்.

ஆட்டிய பிறகுதான் மாட்டிக்கொண்டது அவளுக்கே தெரிந்தது. பார்வையைக் கீழே போட்டுக்கொண்டாள். உதடு துடித்தது. அழுதுவிடுவாள் போல இருந்தது.

உனக்குக் கேட்கிறதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமைகள் அவரிடமே இருக்கும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

“ஆமா பாப்பா,” என்றார். அந்த வீட்டில் அவள் அம்மாவுக்கும் எட்டட்டும் என்று குரலை உயர்த்தினார். “இங்கயும் கட் ஆகுது. நீ பேசறது எதுவுமே கேக்கல.”