குருவி தின்ற பிறகே கை வைக்கணும்

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்று கோத்தகிரிப் பக்கம் மூன்று பேர் நன்றாகத் தூங்கிவிட்டார்கள். போஜன், சடையாண்டி, லிங்கையன். மூவரும் ரெபெக்காம்மாவின் பங்களாவில் தோட்ட வேலை பார்த்தார்கள்.

மார்கழிப் பனியில் புல்லெல்லாம் உறைந்து கிடந்த ஒரு காலை. ஊருக்குக் கிளம்பிய அம்மா, "பானை நிறையப் பொங்கல் வச்சிருக்கேன். பாவம், இந்தக் குளிர்ல வாயில்லாத ஜீவனுங்களுக்கு இரையே கிடைக்காது. காக்கா, அணில், குருவி எல்லாம் தின்ன பிறகுதான் நீங்க கை வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூவரும் புல்வெளியில் வரிசையாக வாழையிலை போட்டு, தண்ணீர் தெளித்து, பொங்கலும் வேர்க்கடலையும் பரிமாறினார்கள். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை.

"முறையா அழைக்காம யாரு வருவா?" என்றான் போஜன்.

நியாயம்தானே? மரம் மரமாகப் போய்த் தகர டின்னைத் தட்டி அழைத்தார்கள். இருந்த பறவைகளும் பறந்துவிட்டன.

"துணி மாத்திக்கிட்டு வருவாங்க" என்றான் சடையாண்டி. காத்திருந்தார்கள்.

ஒரே ஒரு அணில் வந்தது. கடலையைக் கவ்விக்கொண்டு பொந்துக்குள் ஓடிவிட்டது.

"திங்கலையே! பார்சல்ல எடுத்துக்கிட்டுப் போகுது" என்று லிங்கையன் தலையில் கை வைத்தான். "வீட்டுல யாருக்கோ உடம்பு சரியில்ல போல."

மதியமானது. பசி குடலைப் பிடுங்கியது. பானையைப் பார்க்கப் பார்க்கப் போஜனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் சடையாண்டி ஒரு இலையைத் தூக்கிக்கொண்டு கொய்யா மரத்தில் ஏறி, "இனி நான் காக்கா" என்றான். கா கா என்று கரைந்து பொங்கலைத் தின்று முடித்தான்.

"காக்கா ஆச்சு. அணில்?" என்றான் போஜன். லிங்கையனும் ஒரு இலையோடு ஏறினான். மூக்கைச் சுளித்து, இரு கையாலும் வாரி வாரித் தின்றான்.

"குருவி பாக்கி இருக்கே!" என்று மேலிருந்து அணில் நினைவூட்டியது. போஜனும் இரண்டு இலையோடு ஏறி, கீச்கீச் என்றபடி காலி செய்தான்.

சாயங்காலம் அம்மா வந்து அண்ணாந்து பார்த்தாள். "அங்க என்னடா பண்றீங்க? சாப்பிட்டீங்களா?"

"நாங்க வயிறு முட்டத் தின்னாச்சும்மா" என்று ஏப்பம் விட்டது குருவி. அதன் கண் கலங்கியது. "உங்க வேலைக்காரங்க மூணு பேருதான் பாவம், காலையிலிருந்து பட்டினி. எங்க போய் விழுந்து கிடக்காங்களோ! பானையில மிச்சம் வச்சிருக்கோம். வந்தா சூடு பண்ணிக் கொடுங்க. இருட்டப் போகுது, நாங்க கூடு கட்டணும்."