சாமிக்கு ஏற்றிய ரத்தம்

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் காலில் விழுந்தாலும் சாமி விபூதி கொடுப்பார். கை மட்டும் கூப்ப மாட்டார். பீடத்தில் இருப்பவர் மனுஷரைக் கும்பிடக் கூடாதாம்.

அந்தச் சாமிக்கு நெஞ்சுவலி வந்தது. பைபாஸ் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று திருச்சியில் சொல்லிவிட்டார்கள்.

சாமியின் முதல் சீடர் சிவக்கொழுந்து. சாமியை விட வயதில் மூத்தவர், ஆசாரத்தில் புலி. அடுத்தவர் ரத்தம் ஏற்றாமல் முடிக்க முடியுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். ஏற்றாமல் முடிந்தால் நோயாளிக்கும் நல்லதுதான், முடிந்தவரை பார்க்கிறோம், தேவைப்பட்டால் ஏற்றத் தயங்க மாட்டோம் என்றார் அந்த அம்மா. நம்ம ஆள் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

ஆபரேஷன் முடிந்தும் ரத்தக் கசிவு நிற்கவில்லை. உயிர் போகிற நிலைமை. இரண்டு பேர் கொடுத்த இரண்டு பை ரத்தத்தை ஏற்றினார்கள், சாமி பிழைத்தார். கண் விழித்து விஷயம் கேட்டதும் அழுதார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

மடத்துக்குத் திரும்பியவர் ஆளே மாறிப்போயிருந்தார். கூட்டிவந்த ஆட்டோக்காரரைக் கும்பிட்டார். தெருவில் போன மீன்காரம்மாவைக் கும்பிட்டார். காலில் விழ வந்தவர்களை முந்திக்கொண்டு கை கூப்பினார். மீன்காரம்மா பதறிப்போய்க் கூடையை இறக்கி வைத்துவிட்டு அழுதே விட்டார்.

மடத்துப் பெரிய மனுஷர்கள் கொதித்தார்கள். ஏறிய ரத்தத்துக்குப் பரிகாரம் செய்ய வேண்டும், இந்தக் கும்பிடு நிற்க வேண்டும், இல்லையென்றால் குருபூஜைக்குப் பீடத்தில் வேறு ஆள்தான் என்று சிவக்கொழுந்திடம் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

பாவம், மனுஷன் திருச்சிக்கு ஓடினார். ரத்தம் கொடுத்தவர்கள் யார், என்ன ஆளுங்க என்று தெரிந்தால் அதற்குத் தக்கபடி பரிகாரத்தை முடித்துவிடலாம் என்று நினைப்பு. ரத்த வங்கியில் பெயர் சொல்ல முடியாது என்றார்கள். கெஞ்சிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பி வந்தபோது சாமி வாசலில் நின்று பால்காரரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்து பக்கத்தில் போய் நின்றார்.

"பீடம் போயிடும் சாமி."

"போகட்டுமே. உயிர் இருக்கு."

"யாரோ ரெண்டு பேர் குடுத்தாங்க. அதுக்கு ஊரையே கும்பிடணுமா?"

"போன காரியம் என்னாச்சு?"

"யாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. தையல் போட்ட இடம் வலிக்க, நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா, அந்த ரெண்டு பேரை மட்டும் கும்பிட்டுட்டு நிறுத்தியிருப்பேன்."