பத்து அடி தள்ளி

"தாயி, பன்னி நமக்காகப் பத்து எண்ணுற வரைக்கும் நிக்குமா?"

ஒச்சப்பன் இதைக் கேட்டது நாற்பதாவது நாள். முதல் நாளே கேட்டிருப்பான். மரியாதைக்காக அடக்கி வைத்திருந்தான்.

சிலம்பாயி துப்பாக்கிக் குழலுக்குள் ஈரத்துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"நாளைக்கு உங்க கடலைக் கொல்லைக்குப் போவோம், அண்ணே. பன்னிகிட்டயே கேட்டுருவோம்."

அவனுக்கு ஐம்பது வயது. அவளுக்கு முப்பதுதான் இருக்கும். குழலின் வாய்வழியே வெடிமருந்து திணிக்கும் துப்பாக்கியை அவளைப்போல் கையாள ஆள் இல்லை என்று மலையடிவாரம் முழுக்கச் சொன்னார்கள். அதனால் ஐம்பது முப்பதின் முன் கைகட்டி நின்றது. அதில் ஐம்பதுக்குக் கொஞ்சம் வருத்தமும் உண்டு.

போன வருஷம் பன்றிகள் அவன் ஊர்க் கடலையில் பாதியைக் கிளறித் தின்றுவிட்டன. இந்த வருஷமும் விட்டால் விதைக்குக்கூட மிஞ்சாது. ஊரார் கூடி ஒரு துப்பாக்கி வாங்கினார்கள். சுடப்போவது ஒச்சப்பன் என்றும் முடிவு செய்தார்கள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். சிலம்பாயி சரி என்று சொல்ல வேண்டும்.

அவள் நாற்பது நாளாகச் சொல்லவில்லை. கடலை பறிக்க இன்னும் இரண்டு வாரமே இருந்தது.

*

முதல் நாள் அவள் கேட்டது ஒரே கேள்வி.

"மருந்துக் கொம்பு யார் சுமப்பா?"

"நானே சுமந்துக்கிறேன், தாயி."

"சுடுறவங்க சுமக்கக் கூடாது. உங்களுக்கு ரொம்ப வேண்டிய ஆள் யாரு?"

ஒச்சப்பன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வீட்டுக்காரிதான்."

"கூட்டிட்டு வாங்க."

வாசலுக்கு வெளியே நின்ற பஞ்சவர்ணத்துக்கு இது கேட்டுவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதில்லை. இதற்காகவே நடந்து வந்தது தகும் என்று நினைத்துக்கொண்டாள்.

சிலம்பாயி மாட்டுக் கொம்பை அவள் தோளில் மாட்டினாள். கொம்பு நிறைய மருந்து. வாயில் மரத்தக்கை. கூடவே மூங்கில் கணுவில் செய்த ஒரு சின்னச் சிமிழ்.

"அக்கா, கொம்புல இருந்து சிமிழுக்கு ஊத்துங்க. தலை தட்டுங்க. கொம்புத் தக்கையை இறுக்கி அடைங்க. சிமிழை அண்ணன் கையில குடுங்க. அப்புறம் பத்து அடி பின்னால போங்க. வாய்விட்டு எண்ணணும். பத்துன்னு கேட்ட பிறகுதான் அண்ணன் குழல்ல ஊத்தணும்."

"கொம்புல இருந்து நேரா ஊத்துனா ஒரு வேலை மிச்சம்ல?" என்றான் ஒச்சப்பன்.

சிலம்பாயி ஒரு சிமிழ் மருந்தைப் பாறைமேல் கொட்டினாள். நீளமான குச்சியில் நெருப்பைக் கட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் வைத்தான். புஸ்ஸென்று ஒரு வெளிச்சம், ஒரு கை புகை. அவ்வளவுதான்.

"பயந்தீங்களா?"

"இதுக்கா?"

"கொம்புல நாப்பது சிமிழ் இருக்கு."

அவன் தலையாட்டினான். தலை மட்டும்தான் ஆடியது.

*

பத்தாவது நாள் அவன் காதில் ஒரு பீடி செருகியிருந்தது. சிலம்பாயி கொம்பை எடுத்துக்கொண்டு ஓடைக்கு அந்தக் கரையில் போய் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் வரை வரவே இல்லை. அன்றைக்குப் பாடமும் இல்லை. மறுநாள் முதல் பீடிக்கட்டு வீட்டிலேயே தங்கியது.

இருபதாவது நாள் கேட்டான்.

"பன்னி பெருசு, தாயி. மருந்து கொஞ்சம் கூடப் போட்டா?"

"குழலும் கொஞ்சம் பெருசாகுமா, அண்ணே?"

முப்பதாவது நாள் கேட்டான்.

"ஒரு தடவை சுட்டதும் ஈரத்துணி எதுக்கு? குழல் சுத்தமாத்தான இருக்கு?"

"உள்ள எட்டிப் பாத்தீங்களா?"

"இருட்டா இருக்கு."

"அப்ப சுத்தம்னு யாரு சொன்னா?"

இப்படியே போனது. ஒன்றையும் அவள் விளக்கிச் சொன்னதில்லை. ஊத்தும்போது முகத்தைக் குழலுக்கு நேரே நீட்டாதீங்க என்று மட்டும் நாளுக்கு நாலு தடவை சொன்னாள். அவன் நீட்டினால் காதைப் பிடித்துத் திருப்பினாள். ஐம்பது வயதுக் காது. பஞ்சவர்ணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சிலம்பாயியின் இடது கன்னத்தில் நீலப் புள்ளிகள் இருந்தன. கடுகு இறைத்ததுபோல் ஒழுங்கில்லாமல் இருந்தன. பச்சை குத்தியது என்று எல்லாரும் நினைத்தார்கள். பஞ்சவர்ணம் ஒருநாள் கேட்டும்விட்டாள்.

"யாரு குத்தினது தாயி? கோலமே சரியில்லையே."

"எங்க அண்ணன்."

"அவரு இப்ப எங்க?"

சிலம்பாயி துணியை நனைக்கப் போய்விட்டாள்.

*

நாற்பத்தோராவது நாள் விடிகிற நேரம். கடலைக் கொல்லையின் ஓரத்தில் மூவரும் இருந்தார்கள். சிலம்பாயி தள்ளி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பன்றி வந்தது. பின்னால் குட்டிகள் இல்லை. ஒற்றைக் கிழட்டுப் பன்றி, முன்னங்கால் உயரத்துக்கு மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

ஒச்சப்பன் சுட்டான். குண்டு தலைக்கு மேலே போய்விட்டது.

பன்றி ஓடவில்லை. நின்று, சத்தம் வந்த பக்கம் திரும்பியது. பிறகு இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல் மறுபடி கடலையைத் தின்னத் தொடங்கியது.

அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஈரத்துணி இடுப்பில் தொங்கியது. அதை அவன் தொடவே இல்லை.

"கொம்பைக் குடுடி."

பஞ்சவர்ணம் கொம்பைக் கொடுக்கவில்லை. சிமிழில் ஊற்றினாள். தலை தட்டினாள். தக்கையை அடைத்தாள். சிமிழை நீட்டினாள்.

"கொம்பைக் குடுன்னு சொல்றேன்ல?"

"சிமிழைப் பிடிங்க."

பிடுங்கிக்கொண்டான். அவள் திரும்பி நடந்தாள்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"ஓடி எண்ணுடி."

"நாலு. அஞ்சு."

பன்றி இன்னொரு செடியைப் பிடுங்கியது.

"ஆறு. ஏழு."

அது அவன் பாத்தி. அவன் கையால் விதைத்த செடி.

"எட்டு. ஒம்போது."

அவன் ஊற்றிவிட்டான்.

குழல் வாயிலிருந்து நெருப்பு மேலே வந்தது. சிமிழ் கையை விட்டுப் பறந்தது. புகையில் எதுவும் தெரியவில்லை. காதுக்குள் ஒரே ரீங்காரம்.

முதலில் அவன் தன் கண்ணைத் தேடவில்லை, கையைத் தேடவில்லை. கொம்பு என்றுதான் மனம் கத்தியது. நாற்பது சிமிழ் மருந்து அவள் தோளில் தொங்குகிறது. திரும்பிப் பார்த்தான். பின்னாலும் வெறும் புகைதான். அவள் பெயரைச் சொல்ல வாய் திறந்தான்.

புகைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பத்து."

ஒச்சப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். ஐம்பது வயது ஆள், ஊர் பார்க்க மீசை முறுக்குகிற ஆள், ஓவென்று அழுதான். அழுகைக்கு நடுவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் நிறுத்த அவனால் முடியவில்லை. பாதி மீசையைக் காணவில்லை என்பதும் அப்போது அவனுக்குத் தெரியாது.

பஞ்சவர்ணம் ஓடிவந்தாள். ஐந்து அடியில் நின்றாள். கொம்பைக் கழற்றி வரப்பில் வைத்தாள். தக்கையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் அவனிடம் வந்தாள்.

"கண்ணு தெரியுதா?"

"தெரியுது."

"நான் தெரியுறனா?"

"தெரியுற, பஞ்சவர்ணம். நல்லாத் தெரியுற."

*

சிலம்பாயி எழுந்து வந்தாள். அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோல் சிவந்திருந்தது. விரல் ஐந்தும் இருந்தன. அவளிடமிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது.

"பன்னி?"

"ஓடிருச்சு, தாயி."

"ஈரத்துணி?"

அவன் இடுப்பைப் பார்த்தான். துணி சொட்டிக்கொண்டிருந்தது.

"எத்தனையில ஊத்துனீங்க?"

"ஒம்போது."

பஞ்சவர்ணம் குடத்துத் தண்ணீரை ஊற்றி அவன் கையைக் கழுவினாள். மணிக்கட்டில் புள்ளி புள்ளியாகக் கறை இருந்தது. தேய்த்தாள். போகவில்லை. முந்தானையால் தேய்த்தாள். தண்ணீர் பட்டதும் கறுப்பு நீலமாகத் தெரிந்தது.

"இது எப்பப் போகும் தாயி?"

சிலம்பாயி தன் இடது கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"பன்னண்டு வருஷமாத் தேய்க்கிறேன்."

ஒச்சப்பன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அவள் கன்னத்தைப் பார்த்தான். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தான்.

"உங்க அண்ணனுக்குக் கொம்பு யாரு சுமந்தது, தாயி?"

"நான்தான்."

"அவரு கேட்டாரா?"

"கேட்டாரு." அவள் கொம்பு இருந்த பக்கம் பார்த்தாள். "குடுத்துட்டேன்."

பஞ்சவர்ணம் நகர்ந்து போய்ச் சிலம்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு ஒச்சப்பன்தான் கேட்டான். நாற்பது நாளாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டான்.

"ஊருக்கு என்ன சொல்லப் போறீங்க? நான் சரியா?"

சிலம்பாயி கீழே கிடந்த துப்பாக்கியை எடுத்தாள். ஈரத்துணியை அவன் இடுப்பிலிருந்து உருவி, குழலுக்குள் விட்டுத் துடைத்தாள். துணி வெளியே வந்தபோது அதன் நுனியில் அணைந்த கங்கு கரியாக ஒட்டியிருந்தது. அதை அவன் மடியில் போட்டாள்.

துப்பாக்கியைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தாள்.

வரப்பிலிருந்த கொம்பைக் கொண்டுவந்து ஒச்சப்பனின் தோளில் மாட்டினாள்.

"எனக்கா தாயி? எனக்குக் குறி பாக்கத் தெரியாதே," என்றாள் பஞ்சவர்ணம்.

"குறி பாக்குறதை ஒரு வாரத்துல சொல்லித் தந்துருவேன், அக்கா."

கோபம் வரும் என்று ஒச்சப்பனே எதிர்பார்த்தான். வரவில்லை. தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. ஏறியது கொம்பாக இருந்தபோதும்.

*

அதிலிருந்து எட்டாம் நாள் விடிகாலை அதே கொல்லை. கிழட்டுப் பன்றி ஓடைப்பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. இன்னும் கொல்லைக்குள் இறங்கவில்லை.

ஒச்சப்பன் சிமிழில் மருந்தை ஊற்றினான். தலை தட்டினான். தக்கையை அடைத்தான். இழுத்துப் பார்த்தான். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். சிமிழைப் பஞ்சவர்ணத்தின் கையில் கொடுத்தான்.

"முகத்தைத் தள்ளி வச்சுக்க."

"சரி."

"துணி விட்டியா?"

"விட்டேன். நீங்க போங்க."

அவன் கொம்பை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தான். வாய்விட்டு எண்ணினான்.

ஒன்பது வந்தது. பத்து வந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே கடலைக் கொல்லையைத் தாண்டினான். வரப்பில் ஏறி அடுத்த கொல்லையில் இறங்கினான்.

"பத்து போதும், அண்ணே," என்றாள் சிலம்பாயி.

"இருபத்தி மூணு," என்றான் ஒச்சப்பன்.