காலித் தட்டு சொன்ன பொய்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மிருகக்காட்சி சாலை இருந்தது. அங்கே பூதன் என்ற கரடியும் செவலை என்ற நரியும் அடுத்தடுத்த அடைப்புகளில் வாழ்ந்துவந்தன. நடுவில் ஒரு கருங்கல் சுவர். சுவரின் அடியில், கழுவிவிடும் தண்ணீர் ஓடுவதற்காக ஓர் ஓட்டை. கரடியின் கை நுழையும், நரியின் மூக்கு நுழையும், அவ்வளவுதான். நட்புக்கு அது போதும். கெட்ட புத்திக்கும் அதுவே போதும்.

செவலைக்கு ஒரு மனக்குறை உண்டு. நரியைப் பார்க்க யார் வருகிறார்கள்? "இதுவா நரி? நம்ம தெரு நாய் மாதிரி இருக்கு!" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த அடைப்புக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அடுத்த அடைப்பில்தான் பூதன் இருந்தது. அதற்கு ஒரு வித்தை தெரியும். பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கைகள் இரண்டையும் சேர்த்து ஒரு கும்பிடு போடும். கூட்டம் அப்படியே சொக்கிப்போகும்!

"ஐயோ, கும்பிடுது பாருங்க!"

"பாவம், பசிக்குது போல! எதையாவது போடுங்களேன்!"

உடனே, அடைப்புக்கு முன்னால் இருந்த தண்ணீர் அகழிக்கு அப்பாலிருந்து முறுக்கு பறக்கும், பிஸ்கட் பறக்கும். ஆனால் அகழி அகலமானது. உதிரியாக எறிந்தால் தண்ணீரில் விழுந்துவிடும். அதற்கும் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சிப்ஸைப் பாக்கெட்டோடு முறுக்கிப் பந்து மாதிரி எறிந்தார்கள். அது குறி தப்பாமல் பூதனின் காலடியில் வந்து விழுந்தது. பூதனும் பிரித்துத் தின்ன மெனக்கெடவில்லை. பாக்கெட் தாளிலும்தானே உப்பு ஒட்டியிருக்கிறது! அப்படியே விழுங்கியது.

'மிருகங்களுக்கு உணவு போடாதீர்கள்' என்று அங்கே ஒரு பலகை இருந்தது. அந்தப் பலகையில் சாய்ந்துகொண்டுதான் எறிந்தார்கள்.

இரண்டு மிருகங்களையும் பார்த்துக்கொண்டவர் கீப்பர் இசக்கியப்பன். சாயங்காலம் நாலரை மணிக்குப் பூதனுக்கு வெல்லம் போட்ட ராகிக் களி வைப்பார். செவலைக்குக் கறி வைப்பார். மறுநாள் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தட்டைப் பார்ப்பார்.

"மிருகம் வாயைத் திறந்து நோவுன்னு சொல்லாது. தட்டுதான் சொல்லும். தட்டு பொய் சொல்லாது!" என்பார்.

தட்டில் மிச்சம் இருந்தால் டவுனிலிருந்து டாக்டரம்மாவைக் கூப்பிடுவார். காலியாக இருந்தால் நிம்மதியாக அடுத்த அடைப்புக்குப் போய்விடுவார். முப்பது உயிர்களுக்கு அவர் ஒருத்தர்தான். வேறென்ன செய்வார்?

ஒரு தடவை பூதன் பாதிக் களியை மிச்சம் வைத்துவிட்டது. டாக்டரம்மா வந்தார். மூன்று நாள் பூதனைப் பின்பக்கத்து உள்கூண்டில் அடைத்தார்கள். கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை, முறுக்கு இல்லை. கசப்பு மருந்து மட்டும்தான்! வெளியே வந்த பூதனுக்கு அந்த நினைப்பே நடுக்கத்தைத் தந்தது.

அப்புறம் ஒரு சாயங்காலம். வயிறு முட்ட நொறுக்குத்தீனி தின்றுவிட்டுப் பூதன் களித் தட்டுக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தது. களி வாசம் ஓட்டை வழியாகச் செவலையின் மூக்குக்கு வந்தது.

"என்னண்ணே, இன்னும் சாப்பிடலையா?" என்று கேட்டது செவலை.

"எங்கே சாப்பிட? தொண்டை வரைக்கும் முறுக்கு நிக்குது! ஆனா மிச்சம் வச்சா மறுபடியும் உள்கூண்டுதான் தங்கச்சி!"

செவலையின் நாக்கில் எச்சில் ஊறியது. புத்தியும் உடனே ஓடியது.

"இதுக்கா இவ்வளவு கவலை? ஓட்டை வழியா இந்தப் பக்கம் தள்ளுங்க! நான் பார்த்துக்கறேன். கீப்பருக்கு வேண்டியது காலித் தட்டு. உங்களுக்கு வேண்டியது கூட்டம். எனக்கு வேண்டியது களி. யாருக்கு நஷ்டம்?"

"அடடா! நீயல்லவோ என் கூடப்பிறந்த தங்கச்சி!" என்று பூதன் களியை உருட்டித் தள்ளியது.

அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. நாலு மாதத்தில் செவலையின் ரோமம் மினுமினுத்தது. "என்னட்டி செவலை, பச்சைத் தண்ணியிலயே கொழுக்கியா?" என்று இசக்கியப்பன் ஆச்சரியப்பட்டார். செவலை ஒன்றும் தெரியாதது போல முகத்தை வைத்துக்கொண்டது.

எல்லா அடைப்புக்கும் பறந்து போய்வரும் காக்கை ஒன்று இருந்தது. ஒருநாள் அது சுவர்மேல் வந்து உட்கார்ந்தது.

"ஏ நரி! உங்க அண்ணன் தாளை முழுங்குறான், பார்த்தியா? குப்பைமேட்டுல ஒரு மாடு செத்துக் கிடந்துச்சு. கொத்திப் பார்த்தேன். வயிறு முழுக்கத் தாள்தான்! சொல்லி வை!"

"போ, போ! கரடி வயிறு கல்லையும் செரிக்கும்!" என்று செவலை காக்கையை விரட்டியது. ஆனால் அந்த வார்த்தை அதன் காதிலேயே கிடந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூதன் கும்பிடப் போய், நிற்க முடியாமல் கீழே விழுந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் உருண்டது.

"ஏய், உருண்டு விளையாடுது! போனை எடு, போனை எடு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. வழக்கத்தைவிட அதிகமாகப் பாக்கெட்டுகள் பறந்தன.

சாயங்காலம் முழுக் களியும் உருண்டையாக ஓட்டை வழியே வந்தது.

"என்னண்ணே, ஒரு வாய் கூடத் தொடலையா?"

"வயிறு நிறைஞ்சிருக்கு தங்கச்சி. நீ தின்னு."

அது நிறைந்த வயிற்றின் குரல் இல்லை. செவலைக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் களி சூடாக இருந்தது, வெல்லமும் தூக்கலாக இருந்தது. தின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூதன் எழுந்திருக்கவே இல்லை. ஈரத் தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு முனகியபடி கிடந்தது. சாயங்காலம் மறுபடியும் முழுக் களி வந்தது. செவலைக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணே, இன்னைக்குத் தட்டுலயே விட்டுடுங்க. கீப்பர் பார்க்கட்டும்!"

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! அந்த உள்கூண்டுல கிடந்து என்னால சாக முடியாது. ஒருநாள்ல எல்லாம் சரியாயிடும். காட்டிக்கொடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு!"

செவலை சத்தியம் பண்ணியது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அன்றும் தின்றது. வாய்க்கு ருசியாக இருந்தால் சத்தியத்தைக் காப்பாற்றுவதும் சுலபம்தான்.

திங்கட்கிழமை அந்த மிருகக்காட்சி சாலைக்கு விடுமுறை. கறி தின்னும் மிருகங்களுக்கு அன்று பட்டினி நாள். வாரத்தில் ஒருநாள் வயிற்றைக் காயப்போடுவது அங்கே வழக்கம்.

காலையில் இசக்கியப்பன் வந்தார். படுத்துக் கிடந்த பூதனைப் பார்த்தார்.

"என்னடே பூதா, நேத்துக் கூட்டத்துல அலுத்துட்டியா? நல்லா தூங்குடே!" என்றார். தட்டைப் பார்த்தார். பளிச்சென்று காலியாக இருந்தது. அடுத்த அடைப்புக்குப் போய்விட்டார்.

அவர் நடந்து போகும் சத்தத்தைச் செவலை கேட்டுக்கொண்டிருந்தது. கீப்பர் நம்பியது தட்டை. தட்டைக் காலி செய்ததோ தன்னுடைய நாக்கு! பகல் முழுவதும் அது சுவரோரமாகவே அங்குமிங்கும் நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் குறைந்துகொண்டே போனது. முனகலைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

நாலரை மணிக்கு இசக்கியப்பன் களி வைத்துவிட்டுப் போனார். வெகுநேரம் கழித்து, ஒரு கை மெல்ல மெல்லக் களியை ஓட்டைக்குள் தள்ளியது.

செவலைக்குக் காலையிலிருந்து பட்டினி. வயிறு கபகபவென்று எரிந்தது. மூக்குக்கு நேரே வெல்லக் களி. செவலை கண்ணை மூடிக்கொண்டது. மூக்கை ஓட்டைக்குள் விட்டு, களியைத் திருப்பித் தள்ளியது.

"தங்கச்சி! என்ன பண்ணுறே?"

"உங்க தட்டுச் சோறு உங்க பக்கமே இருக்கட்டும்!"

பூதன் மறுபடியும் தள்ளியது. செவலை மறுபடியும் திருப்பித் தள்ளியது.

"சத்தியம் பண்ணினியே! என்னைக் காட்டிக்கொடுக்கப் போறியா?"

"ஆமாண்ணே! காட்டிக்கொடுக்கத்தான் போறேன்!"

"நீ எல்லாம் ஒரு தங்கச்சியா? துரோகி!"

அந்தச் சொல் செவலையைச் சுட்டது. ஆனாலும் மூக்கை எடுக்கவில்லை. மூன்றாம் முறை தள்ளப் பூதனின் கையில் பலம் இல்லை. களி ஓட்டையின் வாயிலேயே கிடந்தது.

அதற்குள் காக்கை வந்து இறங்கியது. "யாருக்கும் வேண்டாமா? அப்போ எனக்கு!" என்று அலகை நீட்டியது.

"காக்காய், உன் காலைப் பிடிக்கறேன்! அதைத் தொடாதே! கீப்பர் கண்ணுல அது பட்டே ஆகணும்!" என்று செவலை கெஞ்சியது.

காக்கை தலையைச் சாய்த்துச் செவலையையே பார்த்தது. "நான் சொன்னப்போ விரட்டினியே!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறந்துபோனது. களியைத் தொடவில்லை.

செவலை எலியும் எறும்பும் அண்டாமல் விடியும்வரை அந்த ஓட்டையில் மூக்கை வைத்துக் காவல் இருந்தது.

காலையில் இசக்கியப்பன் வந்தார். களியைப் பார்த்ததும் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். ஒரு மணி நேரத்தில் டாக்டரம்மா வந்துவிட்டார். பூதனின் வயிற்றைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது.

"வயிறு கல்லு மாதிரி இருக்கே! உடனே உள்ளே தூக்குங்க!"

பூதனை உள்கூண்டுக்குத் தூக்கிப் போனார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வயிற்றை அறுத்து எடுத்த பாக்கெட்டுகள் ஒரு பக்கெட் நிறைய இருந்தன. பூதன் கண் விழிக்கவே இல்லை.

அடைப்புக்கு வெளியே டாக்டரம்மா பேசியது செவலையின் காதில் விழுந்தது.

"இசக்கியப்பன், சனிக்கிழமையே கூப்பிட்டிருந்தா பொழைக்க வச்சிருக்கலாம்."

"சனிக்கிழமையும் தட்டு காலிம்மா! ஞாயித்துக்கிழமையும் காலிம்மா!" இசக்கியப்பன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "வழிச்சு நக்கின மாதிரி இருந்துச்சேம்மா! எப்படிம்மா தெரியும் எனக்கு?"

செவலை தன் காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அந்தக் களியை வழித்துத் தின்றது யார் என்று அதற்கல்லவா தெரியும்!

மறுநாள் கூட்டம் வந்தது. ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு இசக்கியப்பனிடம் கேட்டாள்.

"எங்கண்ணே அந்தக் கும்பிடு கரடி? பாப்பா அதைப் பார்க்கத்தான் வந்திருக்கா!"

இசக்கியப்பன் உள்ளே போனார். அந்தப் பக்கெட்டைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். "அவன் வயித்துல இருந்தது தாயி" என்றார். மேலாகக் கிடந்ததும் அவள் கையில் இருந்ததும் ஒரே நிறப் பாக்கெட். அவள் பாக்கெட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, குழந்தையின் முகத்தைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் இசக்கியப்பன் வெறும் அடைப்பைக் கழுவ இறங்கினார். சுவரோரம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஓட்டையின் உள்ளே, தண்ணீர் படாத மேல்விளிம்பில் நாலு மாதத்துக் களி அடை அடையாகக் காய்ந்து கிடந்தது. அதில் செந்நிற ரோமங்கள் ஒட்டியிருந்தன. அவர் கண்ணை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் இரண்டு கண்கள்.

"அம்புட்டையும் நீதான் தின்னியாட்டி?"

செவலை ஓடி ஒளியவில்லை. நேற்று வைத்த கறி அதன் பக்கத்தில் தொடாமல் கிடந்தது.

இசக்கியப்பன் திட்டுவார் என்று அது காத்திருந்தது. அவர் திட்டவில்லை. ஈரத் தரையிலேயே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"உன்னைச் சொல்லி என்னட்டி ஆகப்போகுது? படுத்துக் கிடந்தவனை விட்டுட்டு நானும் தட்டைத்தான பார்த்தேன்!"

சுவரின் இந்தப் பக்கம் செவலையும் உட்கார்ந்தது. 'துரோகி' என்று பூதன் சொன்னது அதன் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லைச் சனிக்கிழமையே வாங்கிக்கொண்டிருந்தால் அண்ணன் இப்போது உயிரோடு இருந்து தன்னைத் திட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து அழுதது.

நண்பனின் நோயை மறைக்கத் துணைபோவது நட்பாகாது. அவன் துரோகி என்று திட்டினாலும், காலம் கடப்பதற்குள் அதை உரியவரிடம் காட்டிக்கொடுப்பதே உண்மையான நட்பு.